வற்றல் மிளகாய் மூன்று ஏக்கர் நடலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

கிணற்றுப்பாசனம்:

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. கோடையிலும் வற்றாத கிணறு, சொட்டு நீர்க் குழாய்களும் பதித்தாயிற்று. இதுவரை மக்காச்சோளமும் பயறும் மாற்றி மாற்றிப் போட்டு வந்தோம். வீட்டுச் செலவுக்குச் சரியாகப் போகிறது, கையில் எதுவும் நிற்பதில்லை. போன பருவத்தில் மிளகாய் போட்டவர்களின் வருமானத்தைப் பார்த்த பிறகு, வரும் பருவத்தில் மூன்று ஏக்கரிலும் மிளகாய் நட்டுவிடலாம் என்று முடிவுக்கு வந்திருக்கிறோம்.

பச்சைக் காயாக விற்பது நல்லதா, பழுக்கவிட்டு வற்றலாக்குவது நல்லதா? எந்த ரகம் போடலாம்? நிறம் அதிகமுள்ள ரகத்தை நட்டால் முழுவதையும் வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு நிறுவனமும் ஒப்பந்தத்தோடு வந்திருக்கிறது. கடன் வாங்கித்தான் இறங்க வேண்டும். அதனால் நல்லது கெட்டது இரண்டையும் எழுதுங்கள்.

பசுங்காய்:

நான் பச்சைக் காய்க்கு வாக்களிக்கிறேன். நட்டு இரண்டரை மாதத்தில் முதல் பறிப்பு வந்துவிடும். அதன் பிறகு வாரம் ஒரு முறையோ பத்து நாளுக்கு ஒரு முறையோ கையில் பணம் புரளும். கடன் வாங்கி இறங்குகிறவருக்கு இது பெரிய தெம்பு. காயைப் பச்சையாகவே பறித்துவிடுவதால் செடி களைக்காமல் தொடர்ந்து பூக்கும். பழுக்கவிட்டால் செடியின் சத்தெல்லாம் பழத்துக்குப் போய் அடுத்த பூ குறையும். எடைக் கணக்கிலும் பச்சைதான் அதிகம்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரியது. பறித்த காய் காத்திருக்காது. விலை இறங்கினால் அன்றைக்கே இறங்கிய விலைக்குத் தள்ளிவிட வேண்டும். சந்தை பக்கத்தில் இல்லாதவர் இதில் இறங்க வேண்டாம்.

களத்துமேடு:

தம்பி, நீங்கள் ரகத்தைக் கேட்டீர்கள், சந்தையைக் கேட்டீர்கள். மூன்று ஏக்கர் என்ற முடிவை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. வற்றலுக்கு நடுவதாக இருந்தால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். நிலம் எவ்வளவு இருக்கிறது, தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து மிளகாய்ப் பரப்பை முடிவு செய்யக் கூடாது. எத்தனை கிலோ பழத்தை உங்களால் ஒரே சமயத்தில் காயவைக்க முடியும், பறிக்க எத்தனை கைகள் நிச்சயமாக வரும் என்ற இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இந்தப் பயிருக்கு அப்படியே பொருந்தும்.

கணக்கைப் பாருங்கள். நன்றாகக் காய்க்கும் நாட்களில் ஒரு ஏக்கரில் ஒரு பறிப்புக்கு ஒரு டன் பழம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ என்று பரப்பினால்தான் காற்றும் வெயிலும் அடிவரை போகும். அப்படியானால் ஒரு ஏக்கருக்கு 200 சதுர மீட்டர் சுத்தமான களம் வேண்டும். திறந்த வெயிலில் முழுதாகக் காய 10 முதல் 15 நாட்கள் ஆகும். அது காய்ந்து முடிவதற்குள் அடுத்த பறிப்பு வந்து நிற்கும். மூன்று ஏக்கர் என்றால் இதை மூன்றால் பெருக்குங்கள், பிறகு முந்தைய பறிப்புக்கும் இடம் ஒதுக்குங்கள். அந்த இடம் உங்களிடம் இருக்கிறதா?

பழுத்த மிளகாயில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதை 10, 11 சதவீத ஈரப்பதத்துக்குக் கொண்டுவந்தால் நூறு கிலோ பழத்துக்கு 25 முதல் 30 கிலோ வற்றல்தான் மிஞ்சும். அந்த முப்பது கிலோ நல்ல சிவப்பாக இருந்தால் ஒரு விலை, வெள்ளை பாய்ந்திருந்தால் அதில் பாதிகூட இல்லாத வேறு விலை. ஒரே செடியில் பறித்த ஒரே காய்தான். வித்தியாசம் முழுவதும் களத்தில் நடந்தது. உழவு, உரம், மருந்து என்று ஆறு மாதம் பாடுபட்டுவிட்டுக் கடைசிப் பத்து நாளை அலட்சியமாக விடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் வயிறு எரிகிறது.

களத்தில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். முழுதாகச் சிவந்த பழத்தை மட்டும் பறியுங்கள். செடியிலேயே சற்று வதங்கவிட்டால் இன்னும் நல்லது, ஈரம் அங்கேயே கொஞ்சம் குறைந்துவிடும். பறித்ததும் நேரடியாக உச்சி வெயிலில் கொட்டாதீர்கள். நிழலில் இரண்டு நாள் குவித்து வைத்தால் அரைப்பழமும் சீராக நிறம் ஏறும். பச்சை ஈரத்தோடு கடும் வெயிலில் போட்ட பழம்தான் வெள்ளைத் திட்டுப் பிடிக்கிறது. பிறகு தார்ப்பாயிலோ சிமென்ட் தளத்திலோ மெல்லியதாகப் பரப்பி, பகலில் பலமுறை கிளறிவிட்டு, மாலையில் குவித்து மூடிவிட வேண்டும். பனி பட்டால் நிறமும் போகும், பூஞ்சணமும் வரும்.

வானம்பார்த்தபூமி:

அண்ணன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்க முடியவில்லை. எங்கள் பக்கம் எல்லோரும் மண் தரையில்தான் காயப்போடுகிறோம். தலைமுறை தலைமுறையாக விற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். சிமென்ட் களம், சூரிய உலர்த்தி என்று ஆரம்பித்தால் சிறு விவசாயி நடுவதற்கு முன்பே கடனில் மூழ்கிவிடுவான். மானாவாரி மிளகாய்க்குச் செலவு குறைவு என்பதுதானே அதன் பலமே?

மண்டிக்கணக்கு:

நான் வற்றல் வாங்கி, தரம் பிரித்து, அரவை ஆலைகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் அனுப்பும் தொழிலில் இருக்கிறேன். வானம்பார்த்தபூமி நண்பர் சொல்வதுபோல் மண் தரையில் காய்ந்ததும் விற்கத்தான் செய்கிறது. எந்த விலைக்கு விற்கிறது, யார் வாங்குகிறார்கள் என்பதுதான் கேள்வி.

வாங்குகிறவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று சொல்கிறேன். சாக்கில் கைவிட்டு அள்ளியதும் முதலில் ஈரம். காய்ந்த வற்றலைக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். அடுத்தது நிறம். பெரிய நிறுவனங்கள் நிறத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில்லை, அமெரிக்க மசாலா வணிகச் சங்கத்தின் 'ஆஸ்டா' அலகில் ஆய்வகத்தில் அளக்கிறார்கள். காரத்தை ஸ்கோவில் அலகில் சொல்வார்கள். 1912இல் வில்பர் ஸ்கோவில் சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துச் சுவைத்துப் பார்க்கும் முறையாகத் தொடங்கியது அது. இன்று கருவிதான் அளக்கிறது. நிறமும் காரமும் ஒரே ரகத்தில் உச்சத்தில் கிடைப்பது அரிது. கர்நாடகத்தின் பியாடகி மிளகாய் காரம் குறைந்து நிறம் மிகுந்தது, அதனால்தான் நிறச்சாறு எடுக்கும் ஆலைகள் அதைத் தேடிப் போகின்றன. ஆந்திராவின் குண்டூர்ப் பக்கத்துத் தேஜா ரகம் காரத்துக்குப் பேர்போனது. ஆகவே 'எந்த ரகம் நல்லது' என்பதற்கு முன் 'யார் வாங்கப் போகிறார்கள்' என்று கேளுங்கள்.

மூன்றாவது விஷயம்தான் மண் தரையைப் பற்றியது. ஈரமாக நெடுநேரம் கிடக்கும் மிளகாயில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சணம் வளர்ந்தால் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகும். அது கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. வறுத்தாலும் அரைத்தாலும் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய்க்கு வைத்திருக்கும் வரம்பு, அந்த நச்சின் பி1 என்ற வகைக்குக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்தத்துக்கு 10 மைக்ரோகிராம். ஒரு மூட்டையில் கெட்டுப்போன சில காய்கள் இருந்தாலே அந்தக் குவியல் முழுவதும் வரம்பைத் தாண்டிவிடும். மண்ணில் அந்தப் பூஞ்சணம் இயல்பாகவே இருக்கிறது. அதனால்தான் தரையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மூட்டை கட்டும்போது காய் நொறுங்காமல் இருக்கவும் எடை கூடவும் வற்றலின் மீது தண்ணீர் தெளிக்கும் பழக்கம் விவசாயிகளிடமும் இருக்கிறது, வியாபாரிகளிடமும் இருக்கிறது. அரும்பாடுபட்டுக் காயவைத்த சரக்கில் பூஞ்சணத்துக்கு நீங்களே கதவைத் திறந்துவிடுகிறீர்கள். சாக்கின் நடுவில் இருக்கும் காய் கிடங்கில் மாதக்கணக்கில் அந்த ஈரத்தோடு கிடக்கும்.

வானம்பார்த்தபூமி:

தண்ணீர் தெளிப்பதைப் பற்றி நீங்கள் எழுதியது நியாயம்தான், அதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் சுத்தமான சரக்கைக் கொண்டுபோனால் அதற்கு ஏற்ற விலையை உள்ளூர் வியாபாரி கொடுக்கிறாரா? எல்லாவற்றையும் ஒரே குவியலில் கொட்டிச் சராசரி விலை போட்டால் நாங்கள் ஏன் தார்ப்பாய் வாங்க வேண்டும்?

மண்டிக்கணக்கு:

உங்கள் கேள்வி சரியானது. தனி ஒருவர் நான்கு மூட்டையோடு வந்தால் யாரும் ஆய்வகத்துக்கு அனுப்ப மாட்டார்கள். பத்துப் பதினைந்து பேர் ஒரே ரகம் நட்டு, ஒரே முறையில் காயவைத்து, ஒன்றாகத் தரம் பிரித்துக் கொண்டுவந்தால்தான் நிறத்துக்கும் சுத்தத்துக்கும் தனியாக விலை பேச முடியும். உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் இந்தப் பயிருக்கு உண்மையிலேயே பயன்படும். செலவைப் பற்றியும் ஒரு சொல். நல்ல தார்ப்பாய் வாங்கும் செலவு, ஒரு பருவத்தில் வீணாகத் தெளிக்கும் பூச்சிமருந்துச் செலவை விடக் குறைவு.

கிணற்றுப்பாசனம்:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. களத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. வீட்டு முற்றத்தையும் சேர்த்தால்கூட 250 சதுர மீட்டர் தேறாது. பூச்சிமருந்து என்றதும் இன்னொரு கவலை வருகிறது. பக்கத்துத் தோட்டத்தில் போன முறை செடி முழுவதும் இலை சுருண்டு போயிற்று. வாரம் தவறாமல் மருந்தடித்தும் நிற்கவில்லை. அது என்ன நோய்? வராமல் தடுக்க முடியுமா?

பூச்சியியல்:

பணியில் இருந்த காலத்திலிருந்து இன்றுவரை எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். இலைச்சுருட்டல் என்பது ஒரே நோய் அல்ல. குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் மருந்து வேறு. எது என்று பார்க்காமல் அடித்தால் காசும் போகும், செடியும் போகும்.

இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்த்த படகுபோல் வளைந்து, இலைக்காம்பு நீண்டு, தளிர் வெளிறிச் சிறுத்தால் அது மஞ்சள் முரணைச் சிலந்தி. அது பூச்சியே அல்ல, எட்டுக் கால் உயிரி. பூச்சிக்கான மருந்துகளில் பல அதன் மீது வேலை செய்யாது. சிலந்திக்கு நனையும் கந்தகம் போன்றவை வேண்டும். செடியே குட்டையாகி, கணுவிடை சுருங்கி, இலை சிறுத்து நரம்பு தடித்து, பூவும் காயும் நின்றுபோனால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். நோய் கண்ட செடிக்கு மருந்தே கிடையாது, பிடுங்கி எரிப்பதுதான் வழி. சிறிய உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்றை வாங்கித் தளிரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அல்லது ஒரு வெள்ளைத் தாளில் தளிரைத் தட்டுங்கள், இலைப்பேன் விழுந்து ஓடுவது தெரியும்.

உங்கள் பக்கத்துத் தோட்டத்தில் என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. பைரித்ராய்டு வகை மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்தால் சிலந்தியை உண்ணும் நன்மை செய்யும் உயிரிகள் முதலில் சாகும். அதன் பிறகு சிலந்தி தடையில்லாமல் பெருகும். பெருகியதைக் கண்டு மீண்டும் அதே மருந்தை அடிப்பார்கள்.

இதன் பெரிய வடிவத்தை 2021ஆம் ஆண்டில் ஆந்திராவும் தெலங்கானாவும் கண்டன. த்ரிப்ஸ் பார்விஸ்பைனஸ் என்ற தென்கிழக்காசிய இலைப்பேன், இந்தியாவில் 2015இல் பப்பாளியில் முதன்முதலாகப் பதிவானது, மிளகாய்க்குத் தாவியது. நாம் பழகிய இலைப்பேன் தளிரில் இருக்கும். இது பூவுக்குள் கூட்டமாகப் புகுந்து சுரண்டியது, பூ உதிர்ந்தது, காயே பிடிக்கவில்லை. பயந்துபோன விவசாயிகள் கிடைத்த மருந்தையெல்லாம் கலந்து அடித்தார்கள். அது கட்டுப்படவில்லை, செலவுதான் ஏறியது. ஏராளமானோர் நின்ற பயிரையே உழுது அழித்தார்கள். இந்தப் பூச்சி மண்ணில் கூட்டுப்புழுவாகும். அதனால் மண்ணை மூடும் நிலப்போர்வை விரிப்பது, நீல நிற ஒட்டுப்பொறிகளை நட்ட நாளிலிருந்தே வைப்பது, தழைச்சத்தை அளவோடு கொடுப்பது ஆகியவை பலன் தருகின்றன. யூரியாவை அள்ளிப்போட்டு வளர்த்த கொழுத்த தளிர், சாறு உறிஞ்சும் எல்லாப் பூச்சிக்கும் விருந்து.

வற்றலுக்கு நடுகிறவர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். காயும்போது தண்ணீர் போய் எடை கால்பங்காகச் சுருங்குகிறது. ஆனால் மருந்தின் எச்சம் அதே விகிதத்தில் குறைவதில்லை. அதனால் ஒரு கிலோ வற்றலில் எச்சத்தின் அளவு பழத்தில் இருந்ததை விடக் கூடுதலாகத் தெரியக்கூடும். கடைசித் தெளிப்புக்கும் பறிப்புக்கும் நடுவே எத்தனை நாள் விட வேண்டும் என்று புட்டியின் மீது அச்சிட்டிருப்பார்கள். அதைக் கட்டாயம் பின்பற்றுங்கள்.

நாற்றங்கால்:

ஐயா சொன்ன வைரஸுக்கு என் பங்குக்கு ஒன்று. பெரும்பாலும் அது வயலுக்கு நாற்றோடுதான் வருகிறது. நாங்கள் குழித்தட்டில் நாற்று வளர்த்துக் கொடுக்கிறோம். வெள்ளை ஈ நுழைய முடியாத நெருக்கமான நைலான் வலைக்குள் வளர்த்த நாற்றுக்கும், திறந்தவெளிப் பாத்தியில் வளர்த்ததற்கும் வயலில் கண்கூடான வித்தியாசம் இருக்கிறது. இளம் வயதில் வைரஸ் தாக்கினால் செடி காய்க்கவே காய்க்காது. காய்த்த பிறகு தாக்கினால் ஓரளவாவது பறிக்கலாம். அதனால் முதல் ஒன்றரை மாதம் பாதுகாத்தாலே பெரும் ஆபத்தைத் தள்ளிவைக்கிறீர்கள். நடுவதற்கு முன்பே வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளமோ சோளமோ நெருக்கமாக விதைத்து வளர்த்துவிடுங்கள். பறந்து வரும் அசுவினியையும் வெள்ளை ஈயையும் அது தடுக்கும்.

தக்காளி, கத்தரி, உருளை போட்ட நிலத்தில் உடனே மிளகாய் வேண்டாம், ஒரே குடும்பம், ஒரே நோய்கள். உங்கள் நிலத்தில் மக்காச்சோளமும் பயறும் இருந்தது நல்ல முன்பயிர். வேரில் தண்ணீர் நிற்கவே கூடாது. மேட்டுப்பாத்தி போடுங்கள். ஒரே ஒரு நாள் நீர் தேங்கினாலும் வேரழுகல் பிடித்துச் செடி நின்ற நிலையில் வாடிவிடும்.

விதையைப் பற்றி ஒரு வார்த்தை. வீரிய ஒட்டு ரகத்தின் காயிலிருந்து விதை எடுத்து அடுத்த ஆண்டு விதைக்காதீர்கள், செடிக்குச் செடி காய் மாறிப்போகும். நாட்டு ரகமாக இருந்தால் எடுக்கலாம். ஆனால் மிளகாயில் தேனீக்களால் அயல் மகரந்தச் சேர்க்கை கணிசமாக நடக்கும். பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் விதைச் செடிகளைத் தனியாக வலைபோட்டு மூட வேண்டும். அழுகிய காயிலிருந்து விதை எடுக்கவே கூடாது. பழ அழுகல் நோய் விதை வழியாகவும் பரவும்.

களத்துமேடு:

அக்கா பழ அழுகலைத் தொட்டதால் சொல்கிறேன். வற்றலுக்கு நடுகிறவருக்கு எல்லா நோயிலும் கொடியது இதுதான். பச்சைக் காயாகப் பறிப்பவர் பெரும்பாலும் தப்பித்துவிடுவார். பூஞ்சணம் பச்சையிலேயே உள்ளே புகுந்து சத்தமில்லாமல் இருக்கும், காய் சிவக்கும்போதுதான் குழிந்த வட்டப் புள்ளியாக வெளிப்படும். மழையும் பனியும் சேர்ந்தால் பறிப்புக்குப் பறிப்பு பெருகும். புள்ளி விழுந்த பழம் காய்ந்தால் வைக்கோல் நிறத்துக்கு வெளுத்துவிடும், சண்டு, அதாவது கழிவு என்று ஒதுக்குவது அதையும் சேர்த்துத்தான். களத்தில் கொட்டும் முன்பே பொறுக்கி எறியுங்கள். காய்ந்த பிறகு பொறுக்கலாம் என்று விட்டால் நல்ல காய்க்கும் பரவும்.

பசுங்காய்:

இதையெல்லாம் படித்த பிறகும் ஒரு சந்தேகம். இவ்வளவு சிரமப்பட்டு நல்ல வற்றல் செய்தாலும் விலை விழுந்துவிட்டால்? பச்சையில் ஒரு வாரம் விழுந்தால் அடுத்த வாரம் ஏறும். வற்றலில் பருவம் முழுவதற்கும் ஒரே அடியாக அல்லவா விழுகிறது?

மண்டிக்கணக்கு:

விழுகிறது, மறுக்க முடியாது. கிணற்றுப்பாசனம் அவர்கள் 'போன பருவத்து வருமானத்தைப் பார்த்து' என்று எழுதியபோதே எனக்கு உறுத்தியது. போன பருவ விலையைப் பார்த்து நீங்கள் மட்டும் முடிவு செய்யவில்லை. விலையைப் பார்த்த எல்லோரும் அதையேதான் செய்வார்கள். எல்லோரும் நட்ட சரக்கு ஒரே மாதத்தில் சந்தைக்கு வரும்.

பூச்சியியல் ஐயா சொன்ன அந்த இலைப்பேன் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். விளைச்சல் சரிந்தது, வற்றல் விலை ஏறியது. அந்த விலையைக் கண்டு அடுத்தடுத்த பருவங்களில் பரப்பு பெருகியது. விற்காத சரக்கு குளிர்பதனக் கிடங்குகளில் தங்கியது. 2025 பிப்ரவரியில் ஆந்திர மிளகாய்க்கு மத்திய அரசு விலை சரியும்போது விவசாயிக்குக் கைகொடுக்கும் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தை அறிவிக்க வேண்டிய அளவுக்கு விலை இறங்கியிருந்தது. வற்றல் மிளகாய் விளைவிப்பதிலும் ஏற்றுமதி செய்வதிலும் இந்தியா உலகிலேயே முதலிடத்தில் இருக்கிறது. அதனால் குண்டூர்ச் சந்தையில் நடப்பது எங்கோ இருக்கும் தோட்டத்தையும் தொடும்.

நடுவதற்கு முன் பார்க்க வேண்டியது போன ஆண்டு விலையை அல்ல. பழைய சரக்கு கிடங்குகளில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, முக்கிய மாவட்டங்களில் நடவு கூடுகிறதா குறைகிறதா, பெரிய இறக்குமதி நாடுகள் வாங்குகின்றனவா என்ற மூன்றையும் பாருங்கள். பசுங்காய் நண்பருக்கு இன்னொரு பதில், வற்றலுக்குக் காத்திருக்கும் வசதி உண்டு. சரியாகக் காய்ந்ததைக் குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் நிறம் கெடாமல் மாதக்கணக்கில் நிற்கும். ஆனால் கிடங்கு வாடகையும் கடன் வட்டியும் காத்திருக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கடனில் இறங்கியவருக்கு அந்த வசதி பாதிதான். அதனால் முழுவதையும் கிடங்கில் வைக்காமல், கடனை அடைக்கும் அளவுக்கு அறுவடையிலேயே விற்றுவிட்டு மிச்சத்தை வையுங்கள்.

கிணற்றுப்பாசனம்:

ஒப்பந்தம் போட்டால் இந்த விலைப் பயம் போய்விடும் இல்லையா?

மண்டிக்கணக்கு:

ஓரளவு போகும். ஆனால் ஒப்பந்தத்தில் விலை எழுதியிருக்கும் வரியை விட, சரக்கை நிராகரிக்கும் வரியைக் கவனமாகப் படியுங்கள். ஈரம் எத்தனை சதவீதம், நிறம் எத்தனை அலகு, அஃப்ளாடாக்சின் வரம்பு என்ன, மருந்து எச்சத்தின் பட்டியல் எது என்று எண்களாக எழுதியிருக்க வேண்டும். 'நல்ல தரம்' என்று மட்டும் எழுதியிருந்தால், விலை இறங்கிய ஆண்டில் உங்கள் சரக்கு எதுவும் நல்ல தரமாக இருக்காது. மாதிரி எடுக்கும்போது நீங்கள் அருகில் இருக்க வேண்டும். அதே மாதிரியில் ஒரு பகுதியை இருவரும் கையெழுத்திட்டு முத்திரை வைத்து உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் மூன்றாவது ஆய்வகத்துக்கு அனுப்ப அது ஒன்றுதான் கைகொடுக்கும். வெளியில் விலை ஏறினால் உங்கள் பங்கு என்ன, பணம் எத்தனை நாளில் வரும், நிராகரித்த சரக்கை நீங்கள் வெளியே விற்கலாமா என்பதையும் கேளுங்கள்.

கறாராக ஆய்வு செய்கிறார்கள் என்று கோபப்படவும் வேண்டாம். 2003இல் மிளகாய்த் தூளில் சூடான் சாயம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு ஐரோப்பாவில் சோதனை கடுமையாயிற்று. 2005இல் பிரிட்டனில் அந்தச் சாயம் கலந்த தூளால் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். மங்கிய வற்றலுக்குச் செயற்கைச் சிவப்பு ஏற்றிய சிலரால் வந்த வினை அது. நியாயமாகக் காயவைத்துச் சிவப்பைக் காப்பாற்றியவருக்கு அந்தச் சோதனை துணையாகத்தான் நிற்கும்.

வானம்பார்த்தபூமி:

களம், மருந்து, ஒப்பந்தம் எல்லாம் பேசிவிட்டோம். பறிப்புக் கூலியை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. மிளகாய் ஒரே சமயத்தில் பழுக்காது. ஐந்தாறு முறையாவது பறிக்க வேண்டும், நீண்ட பயிரில் அதற்கு மேலும் வரும். இயந்திரம் ஒரே தடவையில் பறிக்க ஏற்ற ரகங்கள் வேறு, நம் செடிகளில் பூவும் பிஞ்சும் பழமும் ஒன்றாகத் தொங்கும். என் கணக்கில் மொத்தச் செலவில் பெரிய வரி கூலிதான். ஆள் கிடைக்காமல் ஒரு பறிப்புத் தள்ளிப்போனால் பழம் செடியிலேயே வெளுத்துக் கொட்டும். கூலியோடு இன்னொன்று, பறிக்கிறவர்களின் கை எரிச்சல். அதைப் பொருட்படுத்தாத தோட்டத்துக்கு அடுத்த முறை ஆள் வராது.

கிணற்றுப்பாசனம்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். களமும் ஆட்களும் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் என்று வைத்து, ஒரு ஏக்கர் மட்டும் மிளகாய், மற்ற இரண்டில் வழக்கம்போல் மக்காச்சோளமும் பயறும் என்று முடிவாகியிருக்கிறது. கடனும் மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. முதல் இரண்டு பறிப்பைப் பச்சையாக விற்றுவிட்டு, அதன் பிறகு வற்றலுக்கு விடலாமா? எப்போது விதைப்பது? கை எரிச்சலுக்கு என்ன செய்வது?

களத்துமேடு:

முதல் பறிப்புகளைப் பச்சையாக விற்பது நல்ல யோசனை. ஆனால் வற்றலுக்கும் பச்சைக்கும் ஏற்ற ரகமா என்று விதை வாங்கும்போதே கேளுங்கள்.

விதைக்கும் நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். உங்கள் பகுதியில் மழை இல்லாத, பனி குறைந்த மாதங்கள் எவை என்று குறியுங்கள். பழம் அதிகம் வரும் காலம் அதில் விழ வேண்டும். நாற்றுக்கு 40 நாள், நட்டதிலிருந்து முதல் பழத்துக்கு மூன்று மாதத்துக்குச் சற்று அதிகம், அங்கிருந்து பின்னோக்கிப் போனால் விதைப்பு நாள் கிடைக்கும். பூக்கும் நாட்களையும் பாருங்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்தால் பூ உதிரும். இரண்டும் ஒத்துவராவிட்டால் களத்தின் பக்கமே சாயுங்கள். மழையில் சிக்கும் பறிப்பு ஒன்று வந்தே தீரும், அதற்கு ஒரு சிறிய பாலித்தீன் கூடார உலர்த்தியாவது வைத்துக்கொள்ளுங்கள். நெருப்பு உலர்த்தி என்றால் 60 டிகிரிக்கு மேல் போக விடாதீர்கள், நிறம் கறுத்துவிடும்.

நாற்றங்கால்:

கை எரிச்சலுக்கு நான் சொல்கிறேன். காரச் சத்து தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். பறிக்கப் போகும் முன் கையில் எண்ணெய் தடவி, மேலே ரப்பர் கையுறை போட வேண்டும். எரிச்சல் வந்த பிறகு வெறும் தண்ணீரில் கழுவினால் பரவத்தான் செய்யும். எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். காம்பு கிள்ளுவதும் வற்றல் பொறுக்குவதும் மூடிய அறையில் வேண்டாம், தூசி மூச்சில் போகும். காற்றோட்டமான நிழலில், முகக்கவசத்தோடு செய்யட்டும். கையுறை, கவசம், எண்ணெய், சோப்பு எல்லாம் தோட்டக்காரர் செலவில் இருக்க வேண்டும். கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்களைப் பறிப்புக்கோ பொறுக்கவோ அழைக்காதீர்கள், அவர்களுக்கு நாற்று நடும் வேலையும் களையெடுக்கும் வேலையும் கொடுங்கள்.